குதிரை ட்ரெய்லரின் முன்கால் வளைந்தால் பெரிய கால் போட்டால் போதுமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கந்தப்பளைப் பக்கம். ஐந்து மட்டக்குதிரை வைத்து, நுவரெலியா கிரகறி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறோம். கல்யாண ஊர்வலத்துக்குப் பண்டாரவளை, ஹட்டன் வரை போவதுண்டு. நான்கு குதிரை ஏற்றும் ட்ரெய்லர் ஒன்றைப் பழசாக வாங்கினோம். டபள் கெப் பிக்கப்பின் தொட்டியில் உள்ள உருண்டையில் மாட்டும் வளைந்த கழுத்து வகை. வெறும் எடை 1,600 கிலோ. கெப்பைக் கழற்றியதும் முன்பக்கத்தைத் தாங்க, முன்னால் இடது பக்கம் ஒரே ஒரு ஜக் கால், ஒரே கியர். தூக்கி முடிக்க நூறு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அப்பாவுக்கு 63 வயது, இடுப்பு வலிக்காரர், பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. கால் கொஞ்சம் பின்பக்கமாக வளைந்தும் இருக்கிறது. எங்கள் முற்றம் ரோட்டைப் பார்த்துச் சரிந்த இடம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கொண்டெய்னர் ட்ரெய்லரின் பழைய கால் ஜோடி கிடைக்குமாம். அதைப் போடலாமா, இல்லை வெளிநாட்டிலிருந்து கரண்ட் ஜக் எடுப்பதா? வெல்டிங் வைத்து ஒட்டினால் போதுமா?

பதில்: தம்பி, கடைசியில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒரு வரி: "கால் கொஞ்சம் பின்பக்கமாக வளைந்தும் இருக்கிறது."

பாரம் தாங்காமல் போன ஜக் அப்படி வளையாது. பாரம் கூடிப்போனால் கியர்ப் பல் உடையும், இல்லாவிட்டால் திருகாணி இறுகி நின்றுவிடும். ஹேண்டலில் இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. கால் பின்னுக்கு மடங்கியிருக்கிறதென்றால், பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போதே ட்ரெய்லர் முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. காலைத் தூக்க மறந்து கெப்பை எடுத்திருப்பீர்கள், அல்லது கெப்பைக் கழற்றிய பிறகு ட்ரெய்லர் சரிவில் ஓரடி உருண்டிருக்கும். முற்றம் ரோட்டைப் பார்த்துச் சரிகிறது என்று எழுதியிருப்பதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். என் பட்டறைக்கு வளைந்த கால் கொண்டுவந்த ஒருவரும் முதல் தடவை கேட்டதும் ஒப்புக்கொண்டதில்லை. பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரத்தில்தான் கதை வெளியே வரும்.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், காரணம் தெரியாமல் காலை மட்டும் மாற்றினால் அடுத்த தடவை உடையப்போவது வேறொன்று. 10 அடி போனால் 1 அடி இறங்குகிற சரிவு மலையகத்து முற்றங்களுக்குச் சாதாரணம். அந்தச் சரிவில் உங்கள் 1,600 கிலோ ட்ரெய்லரைக் கீழே இழுக்கும் விசை சுமார் 160 கிலோ. சில்லுக்கு அடை வைத்திருந்தால் அதைச் சில்லு வாங்கிக்கொள்ளும். அடை இல்லாவிட்டால், அல்லது ஈரக் களிமண்ணில் அடை வழுக்கிவிட்டால், அந்தத் தள்ளல் நேரே காலின் நுனிக்குப் போகிறது. ஜக்கில் எழுதியிருக்கிற டன் கணக்கெல்லாம் மேலிருந்து நேராக அழுத்துகிற பாரத்துக்குத்தான். பக்கத்திலிருந்து தள்ளினால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். பெரிய கால் போட்டால் கால் வளையாமல் இருக்கலாம். ஆனால் தள்ளல் எங்கேயும் போய்விடாது. காலைப் பிடித்திருக்கிற பிளேட்டுக்குப் போகும், அங்கிருந்து செசிக்குப் போகும். ஒரு தோட்டத்து டிராக்டர் பெட்டியில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரோ பெரிய லொறிக் கால் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கால் புதுசு மாதிரி நேராக நின்றது. அது ஒட்டியிருந்த சனல் இரும்பு மீன் டின் மூடி மாதிரிச் சுருண்டிருந்தது.

ஆகவே காசு செலவாகாத வேலையை முதலில் செய்யுங்கள். கெப்பைக் கழற்றுவதற்கு முன்னால், ஜக்கைத் தொடுவதற்கும் முன்னால், இரண்டு பக்கச் சில்லுக்கும் சரிவின் கீழ்ப்புறம் அடை வைக்க வேண்டும். கையில் அகப்பட்ட கருங்கல் அடை ஆகாது, அது உருளும். சில்லின் வளைவுக்குப் பொருந்தும்படி ஆப்பு மாதிரி வெட்டிய கட்டை, அடியில் ஒரு துண்டு பழைய டயர் அடித்தது, நாலு செய்து ட்ரெய்லரிலேயே சங்கிலி போட்டுத் தொங்கவிடுங்கள். முடிந்தால் முற்றத்தில் ட்ரெய்லர் நிற்கிற இருபது அடியை மண் வெட்டிச் சமமாக்குங்கள். இரண்டு நாள் மண்வேலை. எந்த ஜக்கும் அவ்வளவு உதவி செய்யாது.

சரி, இப்போது பாரக் கணக்கு. இந்தக் கழுத்து வகை ட்ரெய்லரில் மொத்த எடையின் 20 முதல் 25 வீதம் முன்னால் விழும். வெறும் ட்ரெய்லருக்கு 25 வீதம் என்றே வைத்தால் 400 கிலோ. மட்டக்குதிரை ஒன்று 250 கிலோ என்று நான்கு, புல்லு, தண்ணீர், சேணம் எல்லாம் 100 கிலோ, ஆக மொத்தம் 2,700. முன்னால் 675 கிலோ. ஏப்ரல் சீசனில் யாராவது பந்தயக் குதிரை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்கக்கூடும். அவை ஒவ்வொன்றும் 450, 500 கிலோ வரும். இரண்டு ஏற்றினால் பாரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் உயரமான மிருகம், திருப்பத்தில் ஆட்டம் கூடுதல். அது வேறு கதை.

675 கிலோதானே, 1 டன் ஜக் போதும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு கால் வைத்தாலும் ஒன்றின் கீழே மண் புதைந்தால் மற்றது முழுப் பாரத்தையும் எடுக்க வேண்டும். உருண்டை கொஞ்சம் இறுகிக்கொண்டால் ஜக் கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். இதையெல்லாம் சேர்த்துத்தான் ஒவ்வொரு காலும் தனியாக 2 டன்னாவது தூக்க வேண்டும் என்கிறேன். வெளியிலிருந்து வரும் குதிரை ட்ரெய்லர்க் கால்களில் 10,000 இறாத்தல், 12,000 இறாத்தல் என்று போட்டிருப்பார்கள். அதாவது சுமார் 4,500 கிலோ, 5,400 கிலோ. சின்னதே உங்களுக்குத் தாராளம். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: அந்த எண் தூக்குகிற பாரமா, அசையாமல் தாங்குகிற பாரமா? தாங்குகிற எண் எப்போதும் பெரிதாக இருக்கும், கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்வார்.

பஞ்சிகாவத்தைக் கால்களைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். 20 டன்னுக்கு மேல் தூக்குவதற்காகச் செய்தவை. உங்களுக்குத் தேவை அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த மீதிப் பலத்தை நீங்கள் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டும்: ஜோடி நூறு கிலோ அளவில் கனக்கும், அந்தக் கனம் முழுவதும் கெப்பின் தொட்டியில்தான் வந்து விழும். அதைவிடப் பெரிய வில்லங்கம் நீளம். கொண்டெய்னர் செசியின் உயரத்துக்கென்று அளந்து செய்தவை அவை. முழுக்க ஏற்றிய பிறகும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். நேரான ரோட்டில் பரவாயில்லை. நீங்களோ தோட்டத்துக் குறுக்கு ரோட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுகிறீர்கள். அந்த இடத்தில் கெப் மேலே ஏறி, ட்ரெய்லர் இன்னும் கீழே இருக்கும்போது கழுத்தின் அடிப்பகுதி தரையைத் தேடி வரும். றம்பொடைக் கொண்டை ஊசித் திருப்பங்களில் உள்பக்கம் ரோட்டின் மேடு எப்படி முட்டும் என்று உங்களுக்கே தெரியும். ஏற்றிய காலின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் சமதரையில் ஓரடியாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பஞ்சிகாவத்தைக்குப் போனால் அளவு நாடாவோடு போங்கள். மூடிய நீளம் பொருந்தாவிட்டால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் போடச் சொல்வது இது: இரண்டு கால், இரண்டு கியர், உள்ளே விழு குழாய் உள்ளது. விழு குழாய் என்றால் காலுக்குள் இன்னொரு குழாய். குறுக்கே செருகிய பின் ஊசியை இழுத்தால் கீழே இறங்கும், வேண்டிய துளையில் பின்னைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் அப்பாவின் நூறு சுற்று ஏன் வருகிறது என்று இப்போதே அளந்து பாருங்கள். பத்துச் சுற்றுச் சுற்றி, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று நாடா பிடியுங்கள். 25 மில்லிமீட்டர் என்றால், ஓரடிக்கு 120 சுற்று. அந்த ஓரடியில் பத்து அங்குலம் வெறும் காற்றில் இறங்குவது! விழு குழாய் இருந்தால் அந்தப் பத்து அங்குலம் கையால் ஒரு நொடி. மீதி 2 அங்குலத்துக்கு இருபது சுற்று. இரண்டு கியரில் ஒன்று வேகமானது, பாதம் தரையைத் தொடும் வரைக்கும். மற்றது மெதுவானது, பாரம் ஏறிய பிறகு; சுற்று கூடும், ஆனால் கைக்கு இலேசு.

உண்மையில் பாரம் தூக்குகிற வேலை அப்படி ஒன்றும் பெரிதில்லை. ட்ரெய்லரின் 400 கிலோ மூக்கை, அதாவது முன்பக்கத்தை, 15 சென்டிமீட்டர் உயர்த்துவதும், 50 கிலோ உரமூட்டையை 1.2 மீட்டர் உயர லொறித் தட்டுக்கு ஏற்றுவதும் ஒரே அளவு வேலை. திருகாணியின் உராய்வுக்காக மும்மடங்கு என்று வைத்தாலும் மூன்று மூட்டை. அதை அறுபது சுற்றுக்கு மேல் பிரித்துச் செய்கிறோம். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதென்றால் மிச்சமெல்லாம் துருவோடும் வளைந்த குழாயோடும் செய்கிற சண்டை.

இதனால்தான் கரண்ட் ஜக் இப்போதைக்கு அவசரமில்லை என்கிறேன். அது கெட்ட சாமான் அல்ல. ஆனால் நுவரெலியா மூடுபனியில் சுவிட்சுப் பெட்டிக்குள் ஈரம் இறங்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. கெப்பிலிருந்து மெல்லிய வயர் இழுத்தால் மோட்டருக்கு வந்து சேரும்போது 12 வோல்ட்டில் பாதி வழியிலேயே தொலைந்திருக்கும். தடித்த வயர், பட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், சுரண்டி இரும்பு தெரிகிற இடத்தில் எர்த், இவ்வளவும் வேண்டும். மோட்டர் நின்றுவிட்டால் கையால் சுற்ற வழி இல்லாத மாதிரியை எடுக்கவே வேண்டாம். மழையில், இருட்டில், நான்கு குதிரை உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நிற்கும். முதலில் இரண்டு கியர்க் கால் போடுங்கள். பிறகும் அப்பாவுக்குக் கஷ்டமென்றால் அதே தண்டில் மோட்டர் பூட்டக்கூடிய மாதிரிகள் இருக்கின்றன. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ரோலிக் கால்களை யாராவது சிபாரிசு செய்தால், இரும்புப் பூட்டு ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். சீல் கொஞ்சம் கசிந்தாலும் இரவோடிரவாக மூக்கு இறங்கிவிடும். திருகாணி விட்ட இடத்தில் நிற்கும்.

இனிப் பொருத்துவது. மற்ற ட்ரெய்லருக்கு இல்லாத ஒரு சோதனை குதிரை ட்ரெய்லருக்கு உண்டு: மூத்திரம். பலகை வழியாக இறங்கி, பலகையும் இரும்பும் சேருகிற இடத்தில் தங்கும்; மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அடியில் இரும்பு பப்படம் மாதிரி உதிரும். கால் வரப்போகிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள குறுக்குச் சட்டங்களை முன்னாலேயே சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் நல்லது. "டொப்" என்றால், அல்லது சுத்தியல் முனை பதிந்தால், கால் வாங்கும் காசை முதலில் சட்டத்துக்குச் செலவழியுங்கள்.

காலின் குழாயிலேயே நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் வெளிக் குழாய் நெளியும், உள் குழாய் ஒரு இடத்தில் இறுகும். உள்ளே இருக்கிற கிறீஸும் எரிந்துவிடும். தடித்த பிளேட்டைச் செசிக்கு வெல்டிங் செய்து, காலை அந்த பிளேட்டில் போல்ட் போட்டுப் பூட்டுவதே முறை. நாளைக்குக் கால் கெட்டாலும் கழற்றி மாற்றலாம். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தண்டு, ஒவ்வொரு காலின் கீழ்ப்பகுதியிலிருந்தும் பின்னால் செசிக்குச் சாய்வாக ஒரு முட்டு. இந்தச் சாய்வு முட்டைப் பலர் மிச்சம்பிடிக்கிறார்கள். முன்னும் பின்னும் தள்ளுகிற விசையை வாங்குவது அதுதான். உங்கள் பழைய காலுக்கு இல்லாமல் போனதும் அதுதான். நாகமுலாம் பூசிய இரும்பென்றால் வெல்டிங் இடத்தில் முலாத்தை அரைத்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் புகை வெல்டிங் செய்கிற பாஸுக்கு அன்றிரவே காய்ச்சல் கொண்டுவரும். கெப்பைக் கழற்றிவிட்டு, வைக்கோல் துரும்பெல்லாம் கூட்டித் தள்ளி, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வைக்க வேண்டும். எங்கேயோ கவ்வினால் கரண்ட் சில்லின் பெயரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். குதிரைகள் அன்றைக்கு வேறெங்காவது இருக்கட்டும்.

இரண்டு காலையும் இணைக்கிற தண்டைப் பூட்டும்போது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் முழுக்க ஏற்றி, அளந்து, அப்புறம் பூட்டுங்கள். அரை அங்குல வித்தியாசத்தில் பூட்டினால் ஆயுளுக்கும் ஒரு கால்தான் பாரம் தூக்கும். மேடுபள்ளத் தரையில் நிறுத்தும்போது அந்த வித்தியாசத்தை விழு குழாயின் துளையில் சரிசெய்துகொள்ளலாம், பள்ளமான பக்கம் ஒரு துளை கீழே.

ஹேண்டலை இடது பக்கத்திலேயே வையுங்கள். நம் ரோட்டில் அதுதான் ஓரம். வலது பக்கம் நின்று சுற்றினால் பஸ் உரசிக்கொண்டு போகும். ஆனால் நம் ஓரம் என்பது சில இடத்தில் கான், சில இடத்தில் பள்ளத்தாக்கு. நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள்.

பாதத்துக்கு அடியில் கட்டை கட்டாயம். 10 சென்டிமீட்டர்ச் சதுரப் பாதத்தில் 675 கிலோ நின்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 7 கிலோ. மழை ஊறிய மண் அதைத் தாங்காது. 30 சென்டிமீட்டர்ச் சதுரக் கட்டை வைத்தால் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. பழைய ரயில் சிலிப்பர் கட்டையில் வெட்டிய துண்டு இரண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சீமெந்துக் கல் வேண்டாம். அது முன்கூட்டிச் சொல்லாமல் பிளக்கும்.

அடுத்ததை அப்பாவுக்கும் குதிரை பிடிக்கிற பையன்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கெப்பில் மாட்டாத ட்ரெய்லரில் குதிரை ஏற்றவோ இறக்கவோ கூடாது, எவ்வளவு பெரிய கால் இருந்தாலும். பின்கதவுப் பலகையில் இரண்டு மட்டக்குதிரை ஒன்றாகக் கால் வைத்தாலே பாரம் பின்னுக்கு நகர்ந்துவிடும். முன்னால் மூக்கு இலேசாகும், பாதம் கட்டையில் ஊன்றுவதை விட்டு நழுவலாம். குதிரை ஒன்று மிரண்டு பின்வாங்கினால் மொத்தமும் பின்னுக்குச் சாயலாம். விழு குழாய்க்கும் ஒரு வார்த்தை: பின்னை இழுத்ததும் விட்டுவிடாமல் கையால் பிடித்து இறக்க வேண்டும். "டமார்" என்று விழுந்தால் உள்ளே இருக்கிற குதிரைகள் பக்கப் பலகையை உதைக்கும். விழுகிற இடத்தில் உங்கள் பெருவிரல் இருந்தால் அதுவும் போச்சு.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மே மாத மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை, கிறீஸ் நிப்பிளில் புதுக் கிறீஸ் வரும் வரை அடியுங்கள். காலின் அடியில் தண்ணீர் வடிகிற துளை சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறவுங்கள்.

வாங்குவதற்கு முன் எனக்கு மூன்று அளவு எழுதி அனுப்புங்கள்: ட்ரெய்லர் சமமாக நிற்கும்போது கழுத்துச் சட்டத்தின் அடியிலிருந்து தரை வரை உயரம், அந்தச் சட்டத்தின் இரும்புத் தடிப்பு, இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில் அகலம். சுத்தியலால் தட்டியபோது என்ன சத்தம் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.